அக்கா அழுகை, இருபது நொடி

அத்தியாயம் 11

அப்பா பேச்சிழந்து ஏழு மாதம் ஆகிறது. இது உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், 'அப்பா என் குழந்தை' சேனலைப் பார்க்கிற மூன்று லட்சத்துச் சொச்சம் பேருக்கும் தெரியும். தெரியாதவர்கள் இருந்தால் சின்னவன் விடமாட்டான்.

முப்பத்திரண்டு வருஷம் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் வண்டி எண்ணையும் நேரத்தையும் சொன்ன மனிதர். பக்கவாதம் வலது கையை இழுத்துக்கொண்டபோது குரலையும் சேர்த்து வாங்கிக்கொண்டுவிட்டது. அவரை மருத்துவமனைக் கட்டிலில் கிடத்திய இருபதாவது நாள் சின்னவனுக்கு ஞானம் பிறந்தது.

அதற்கு முன்னால் அவன் செல்போன் பெட்டிகளைப் பிரித்துக் காட்டிப் பார்த்தான். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் வாழ்க்கையில் ஜெயிக்கலாம் என்று ஒரு தொடர் போட்டான். அதைப் பகல் பதினொன்றுக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டு எடுத்ததால், பின்னால் பள்ளிக்கூடத்து இடைவேளை மணி கணீரென்று கேட்டது. கடைசியில் அப்பாவுக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டுவதை எடுத்துப் போட்டான். ஒரே வாரத்தில் ஊர் மெச்சும் பிள்ளையாகிவிட்டான்.

"நாமதான்க்கா ப்ராடக்ட். நம்ம முகம்தான் பிராண்ட்" என்று போன வாரம் அவன் பெரியவளுக்குப் பாடம் நடத்தியது நினைவிருக்கும். அப்பாவின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலேயே கேட்டாள்: "நீ ப்ராடக்ட்டுன்னா இவர் என்ன, டப்பாவா?"

அந்தக் கேள்விக்கு இந்த வாரம் பதில் கிடைத்துவிட்டது.

சேனல் கணக்குப்படி இன்று நாள் 212. காலை ஏழேகாலுக்குப் பெரியவள் வழக்கம்போல வந்தாள். பல் லேபுக்குப் போகிற வழியில் தினமும் அரை மணி நேரம் இங்கே. அப்பாவுக்கு முகம் மழித்து, பல் செட்டைக் கழுவி மாட்டிவிட்டுப் போவாள். அந்த செட் அவளே செய்தது. பத்தொன்பது வருஷமாக ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்து கொடுப்பவள், பெற்றவர் வாயை விட்டுவிடுவாளா?

இந்த அரை மணி நேரம் ஒருநாளும் சேனலில் வந்ததில்லை. சேனலில் அப்பாவுக்கு மழித்துவிடுகிறவன் சின்னவன். அதற்கென்று ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, ஏழு சட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, ஒரு வாரத்துக்கு வேண்டிய பாசத்தை ஒரே மூச்சில் எடுத்து முடித்துவிடுவான். நீலச் சட்டை திங்கள், கோடு போட்டது செவ்வாய். மழித்த கன்னத்தையே ஏழு தடவை மழித்தால் சிவக்காமல் என்ன செய்யும்? "அப்பாவோட தோல் எவ்ளோ சென்சிடிவ் ஆயிடுச்சு பாருங்க" என்று அதற்கும் தனியாக ஒரு வீடியோ வரும்.

கீழ் செட்டைக் கழற்றும்போது அப்பா முகத்தைச் சுளித்தார்.

"வலிக்குதாப்பா? எங்க? வாயத் திறங்க பாப்போம்."

நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். அடியில், நடு மடிப்பில், வெள்ளையாக ஒரு புண். அரிசி அளவுதான், ஆனால் சுற்றிலும் நன்றாகச் சிவந்திருந்தது. அப்பா இடது கையைத் தூக்கிக் கழுத்துப் பட்டியைத் தொட்டுக் காட்டினார். சோப்பு நுரை அரிக்கிறது போலிருக்கிறது என்று அவள் துண்டால் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஓரம் உரசுது. லேபுக்கு எடுத்துட்டுப் போய்த் தேச்சுட்டு வரேன். மத்தியானம் கஞ்சிதானே, பல்லு வேண்டாம்."

செருப்பை மாட்டும்போது சின்னவன் மனைவி பின்னாலேயே வந்தாள். நல்ல பெண்தான். எடிட்டிங் வரும், பொய் சொல்லத்தான் வராது.

"அண்ணி, நாலு மணிக்குள்ள பல்லு வந்துடும்ல?"

"ஏன், பல்லுக்கு என்ன அப்படி அவசரம்?"

"சும்மாதான் அண்ணி" என்று அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

*

லேப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் இரண்டு அறை. மேஜையெல்லாம் பிளாஸ்டர் தூள். அலமாரியில் நாற்பது ஐம்பது பேருடைய வாய், பிளாஸ்டர் அச்சாக, ஓரத்தில் நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருக்கும். முதலாளி ஜன்னலோர மேஜையில் மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தார். அவர் இருபத்தைந்து வருஷமாக எழுந்து யாரும் பார்த்ததில்லை.

பெரியவள் அப்பாவின் கீழ் செட்டை விளக்கடியில் பிடித்தாள்.

"யாருது?"

"அப்பாதுங்க. புண்ணு வந்திருக்கு. நாக்குக்கு அடியில, நடு மடிப்புல."

"அப்ப நல்லாப் பேசுறார்னு சொல்லு. ரொம்ப சந்தோஷம்."

"பேச்சு எங்கங்க வந்துச்சு? அதே நிலைமைதான்."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சாப்பிடறவங்களுக்கு ஈறு மேட்டுல புண் வரும். நடு மடிப்புல வரணும்னா நாக்கு தூக்கித் தூக்கி அடிக்கணும். இத நானா உனக்குச் சொல்லணும்?"

சொல்ல வேண்டியதில்லைதான். அச்செடுக்கும்போது நாக்கை நீட்டு, மடக்கு, மேலே தொடு என்று ஆளிடம் சொல்ல வேண்டும். நாக்கு எவ்வளவு தூரம் போய்வரும் என்பதைப் பார்த்துத்தான் ஓரத்தின் உயரம். அப்பாவுக்கு அச்செடுத்த அன்று நாக்கு கட்டைபோல் கிடந்தது. அசையாத நாக்குக்குச் செய்த செட் அது. ஓரம் உயரமாகத்தான் இருந்தது. ஆறு மாதமாக அது எதிலும் இடிக்கவில்லை, ஏனென்றால் இடிக்க எதுவும் நகரவில்லை.

இப்போது நகர்கிறது.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்வானேன். கையில் இருந்த பல்லோடு எழுந்து முதலாளியைக் கட்டிக்கொண்டிருப்பாள், அவர் எழுந்து நிற்கிற ஆளாக இருந்தால். அந்தச் சந்தோஷம் முழுதாக ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. இவ்வளவு பெரிய புண் ஒருநாளில் வராது. அப்பா பேசுகிறார், பல நாளாகப் பேசுகிறார். தினமும் காலையில் அரை மணி நேரம் அவர் முகத்துக்கு நேரே முகம் வைத்து உட்காருகிறவளிடம் மட்டும் பேசவில்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை அப்பா இதே லேபுக்குத்தான் போன் செய்தார். "பாப்பா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன்ல வேண்டாம், நேர்ல வா." அவள் கையெல்லாம் மெழுகு. "ஞாயித்துக்கிழமை வரேன்பா" என்று தோளில் இடுக்கியிருந்த போனை வைத்துவிட்டாள். சனிக்கிழமை அவர் விழுந்துவிட்டார். என்ன சொல்ல வந்தார் என்பதுதான் அன்றிலிருந்து அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள். சேனலில் மூன்று லட்சம் பேர் அப்பாவின் குரலுக்குக் காத்திருக்கிறார்களாம். அவள் அந்த ஒரு வாக்கியத்துக்குக் காத்திருக்கிறாள்.

மத்தியானத்துக்குள் சின்னவனிடமிருந்து நாலு போன்.

"அக்கா, பல்லு ரெடியா?"

"எதுக்குடா பறக்கற?"

"ஒண்ணுமில்லக்கா, அஞ்சு மணிக்கு ஒரு சின்ன லைவ். நீயும் கூட இரு. கொஞ்சம் நல்ல ட்ரெஸ்ஸா போட்டுட்டு வா. அப்புறம், கண்ணுக்கு மை மட்டும் போடாத."

"ஏன்?"

"வழி... இல்ல, லைட்டுக்கு நல்லா இருக்காது."

போனை வைத்துவிட்டு அவள் சுழலும் சின்ன அரத்தை எடுத்து ஓரத்தைத் தேய்க்க உட்கார்ந்தாள். கோபம் உச்சந்தலை வரை இருந்தாலும் கை ஒரு நூல்கூடப் பிசகவில்லை. நடு மடிப்புக்கு நேரே ஒரு சின்ன வளைவு வெட்டி, விளிம்பை உருட்டி, பாலிஷ் சக்கரத்தில் காட்டி, தன் நாக்கு நுனியாலேயே தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. இனி அந்த வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

*

மூன்றரைக்கெல்லாம் பெரியவள் லேப் உடுப்போடேயே வந்து நின்றாள். மையும் இல்லை, நல்ல ட்ரெஸ்ஸும் இல்லை.

கூடம் கல்யாண வீட்டு மேடைபோல் இருந்தது. வட்ட விளக்கு, அதற்கு முன்னால் அப்பாவின் சக்கர நாற்காலிக்கென்று தரையில் ஒட்டிய டேப், மூன்று ஸ்டாண்டுகளில் மூன்று போன். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று சின்னவனுக்கு. மூன்றாவது ஒரு காலி முக்காலியைக் குறி வைத்து நின்றது. மேஜையின் நடுநாயகமாக ஒரு சத்து பவுடர் டப்பா. டப்பாவுக்கு அடியில் ஒரு அட்டை. சின்னவன் மனைவியின் குண்டு குண்டான கையெழுத்து.

*நாள் 212 – முதல் வார்த்தை.*
*5.00 அறிமுகம், நன்றி, அப்பாவின் தியாகம்.*
*5.06 பவுடர். அப்பா குடிக்கிறார். லேபிள் நேராக இருக்கணும்.*
*5.09 அக்கா வந்து பக்கத்தில் உட்காருகிறார்.*
*5.10 அப்பா: "பாப்பா."*
*5.10 அக்கா அழுகை, இருபது நொடி. க்ளோஸப்.*

கடைசி வரிக்கு இரண்டு அடிக்கோடு: *அக்காவுக்கு முன்னாடியே தெரியவே கூடாது.*

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். தன் அழுகைக்கு நேரம் குறித்து வைத்திருப்பதை யாருக்காவது இப்படி எழுத்தில் படிக்கக் கிடைத்திருக்குமா? தெரியவில்லை. இருபது நொடி என்று யார் தீர்மானித்தது என்றுதான் அவளுக்கு முதலில் கேட்கத் தோன்றியது.

சின்னவன் தலைக்கு ஜெல் தடவிக்கொண்டே வெளியே வந்தான். அட்டையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், அசடு வழிந்தான்.

"எத்தனை நாளா பேசுறார்?"

"பேசுறார்னு சொல்ல முடியாதுக்கா. நாலஞ்சு வார்த்தை..."

"எத்தனை நாளாடா?"

"மூணு வாரம்."

"மூணு வாரமா தினம் காலையில வந்துட்டுப் போறேன்டா நான். ஒரு வார்த்தை சொல்லல நீ. இந்த வீட்டுல ஒருத்தரும் சொல்லல."

"சொன்னா நடிப்பு மாதிரி ஆயிடும்க்கா. ஒரிஜினல் ரியாக்ஷனுக்கு இருக்கற மதிப்பே வேற. உனக்குப் புரியாது. ஆடியன்ஸ் ஏமாந்துடுவாங்க."

"ஆடியன்ஸ் ஏமாறக் கூடாது. நான் ஏமாறலாம்."

"அப்பாவும் ஓகேன்னுட்டார்."

"அவர் ஓகேன்னு சொன்னார். உங்கிட்ட. வாயால." அவள் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இதக் குடிச்சுத்தான் பேச்சு வந்துச்சா?"

"அப்படி நாங்க எங்கயுமே சொல்லலையே. டப்பா பக்கத்துல இருக்கும், அவ்ளோதான்."

"தூ" என்றாள் பெரியவள். நிஜமாகவே சொன்னாள். பிள்ளை என்ற உறவு, தம்பி என்ற உறவு, மனிதன் என்ற பெயர் எல்லாவற்றையும் சேர்த்து அந்த ஒரு எழுத்தில் துப்பிவிட்டாள்.

சின்னவனின் முகம் மாறியது. கேமராவுக்கு முன்னால் மூன்று லட்சம் பேர் பார்த்திராத முகம் அது. பெரியவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமானது.

"துப்புக்கா, நல்லாத் துப்பு. அந்தச் சக்கர நாற்காலி எதுல வந்துச்சு? பேச்சுப் பயிற்சிக்கு வாரம் நாலு நாள் ஒருத்தங்க வராங்களே, அவங்களுக்கு யார் குடுக்கறா, உன் லேப்பா? பேச்சே இந்தச் சேனல்லதான் வந்துச்சு. நீ காலையில அரை மணி நேரம் வந்து செரச்சு விட்டுட்டுப் போறே. மிச்சம் இருபத்திமூணரை மணி நேரம்? அவ்ளோ ரோஷம் இருந்தா இப்பவே கூட்டிட்டுப் போ. உன் வீட்டுல வெச்சுக்கோ. நான் குறுக்க நிக்கல."

பெரியவள் டப்பாவைக் கீழே வைத்தாள். அவள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரே படுக்கையறை. அவள் கணவனுக்கு இரவு வேலை, பகலில் கறுப்புத் திரையைப் போட்டுக்கொண்டு அந்த அறையில்தான் தூங்குவான். அப்பாவைத் தம்பி வைத்துக்கொள்கிறேன் என்று சொன்ன அன்று அவள் மனசுக்குள் 'அப்பாடா' என்றது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் சின்னவனுக்குத் தெரியும். அவனுக்கு இந்த மாதிரி விஷயங்கள் மட்டும் எப்படியோ தெரிந்துவிடும்.

"பல்லு பொருத்தணும். பத்து நிமிஷம் கதவச் சாத்தறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

*

அப்பா வெள்ளைச் சட்டையில் தயாராக இருந்தார். தலை படிய வாரிவிட்டிருந்தார்கள். இன்றைக்கு அது புதன்கிழமைச் சட்டையா, வியாழக்கிழமைச் சட்டையா என்பதெல்லாம் மருமகளுக்கே வெளிச்சம்.

பெரியவள் கதவைச் சாத்தி, கீழ் செட்டை மெதுவாக மாட்டிவிட்டாள். "கடிச்சுப் பாருங்க. இப்ப வலிக்காது."

அப்பா கடித்துப் பார்த்துத் தலையசைத்தார்.

"பேசினாலும் வலிக்காதுப்பா."

அவர் கண் ஒரு கணம் அசைந்தது. அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும்பா. கோபமெல்லாம் இல்ல. இருக்கு, ஆனா அத அப்புறம் பாத்துக்கலாம். இப்ப யாருமில்ல, நானும் நீங்களும்தான். ஒரே ஒரு வார்த்தை. அன்னிக்குப் போன்ல என்ன சொல்ல வந்தீங்க?"

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். இடது கையைத் தூக்கிக் கழுத்துக்குக் கீழே தட்டினார், ஒரு தரம், இரண்டு தரம். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் சத்தம் வரவில்லை.

நெஞ்சைத் தட்டிக் காட்டுகிறார். மன்னிச்சுக்கோ என்கிறார். ஏழு மாதம் பிள்ளையோடு இருந்து நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று அவள் நினைத்தாள். அஞ்சு மணிக்குத்தான் திறப்பார், அட்டையில் போட்டிருக்கிறதே! பெற்ற மகளுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைக்கு வெளிச்சமும் கூட்டமும் வேண்டியிருக்கிறது இவருக்கு. முப்பத்திரண்டு வருஷம் ஒலிபெருக்கியில் பேசியவர் ஆயிற்றே, சும்மா பேசினால் ருசிக்குமா?

தம்பியை அவள் எப்போதுமே மதித்ததில்லை. அப்பாவையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

"சரிப்பா, அஞ்சு மணிக்கே பேசுங்க" என்று எழுந்துகொண்டாள். "ஆனா நான் அழமாட்டேன். அத உங்க பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிடுங்க. உங்களுக்குத்தான் இப்பப் பேச வருதே."

*

ஐந்து மணிக்குச் சின்னவன் கேமராவுக்குள் நுழைந்தான். அவன் குரலே வேறாகிவிட்டது. ஒவ்வொரு வார்த்தையையும் வெண்ணெய் தடவி எடுத்தான். அப்பாவின் தியாகம் ஆறு நிமிஷம் ஓடியது. பவுடர் கலக்கப்பட்டது. லேபிள் நேராகத்தான் இருந்தது. பார்க்கிறவர்கள் நாற்பத்தோராயிரம் பேர் என்று திரையோரத்தில் எண் ஏறிக்கொண்டிருந்தது.

"என் அக்கா. அப்பாவுக்கு உயிர். வேலை வேலைன்னு அவங்களால அடிக்கடி வர முடியாது, பாவம். இன்னிக்கு அப்பாவுக்காக வந்திருக்காங்க."

அடிக்கடி வர முடியாதவள் பல்லைக் கடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். மூன்றாவது போன் அவள் முகத்தையே வெறித்தது. அவள் பதிலுக்கு வெறித்தாள்.

சின்னவன் அப்பாவின் தோளைத் தொட்டான். அதுதான் ஜாடை போலிருக்கிறது.

"பாப்பா" என்றார் அப்பா.

கரகரத்து, பாதி உடைந்து, ஆனால் அதே குரல். வண்டி கிளம்புகிறது என்று சொல்லும் குரல். சின்னவன் 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டான். அவன் மனைவி கதவோரம் நிஜமாகவே கண்ணைத் துடைத்தாள். பெரியவளின் கண் மட்டும் காய்ந்தே இருந்தது. ஐந்து நொடி, பத்து நொடி. சின்னவன் பக்கவாட்டில் அவளைப் பார்த்துக் கெஞ்சினான்.

அவள் முக்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டாள்.

"சொல்லுங்கப்பா. அன்னிக்குப் போன்ல என்ன சொல்ல வந்தீங்க?"

அட்டையில் இல்லாத வரி அது. சின்னவனின் சிரிப்பு அப்படியே உறைந்தது. ஆனால் எண் நாற்பத்து மூவாயிரத்தைத் தாண்டியதும் அவன் தடுக்கவில்லை. 'பேசட்டும்' என்று தலையாட்டினான்.

அப்பா மறுபடியும் கழுத்துக்குக் கீழே தட்டினார். இந்த முறை அவள் மிகப் பக்கத்தில் இருந்தாள். விளக்கு வெளிச்சமும் இருந்தது. காலர் மடிப்புக்கு உள்ளே கறுப்பாக ஒரு கிளிப், கடுகளவு பச்சை வெளிச்சம்.

"இது மைக்கா?" என்று அவள் மருமகள் பக்கம் திரும்பினாள். "எப்பலேருந்து இருக்கு?"

"தூங்கும்போது மட்டும்தான் அண்ணி கழட்டுவோம்" என்றாள் அந்தப் பொய் வராத பெண். "எப்ப என்ன கிடைக்கும்னு தெரியாதுல்ல. உள் ரூம்ல இவர் ஹெட்போன்ல கேட்டுட்டே இருப்பாரு."

காலையில் அவர் காட்டியது நுரையை இல்லை. உள்ளே அவர் தட்டியது நெஞ்சை இல்லை. மூன்று வாரமாகத் தினமும் அவர் இதைத்தான் காட்டியிருக்கிறார். அவள் தினமும் துண்டால் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சற்று முன் அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் அவள் மேலேயே திரும்பி வந்து விழுந்தது.

பெரியவள் மைக்கைக் கழற்றினாள். பக்கத்தில் பல் ஊறப்போடும் கிண்ணம் இருந்தது. தண்ணீருக்குள் போட்டாள். 'ளுக்' என்றது. சின்னவனுக்கு உயிரே போனது போலிருந்தது. ஆனால் பொறுமைக்குப் பேர் போன பிள்ளை நாற்பத்து மூவாயிரம் பேர் பார்க்கும்போது கத்த முடியுமா? எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

அப்பா அவனைப் பார்த்தார். மூன்று போன்களையும் பார்த்தார். பிறகு இடது கை விரலை வாய்க்குள் விட்டுக் கீழ் செட்டைக் கழற்றினார், மேல் செட்டையும் கழற்றினார். இரண்டையும் மகளின் கையில் வைத்தார். அவள் தோளைப் பிடித்து இழுத்துக் காதருகே குனிந்தார்.

பல் இல்லாத வாயிலிருந்து வந்தது பேச்சே இல்லை. கொழகொழவென்று காற்றும் எச்சிலும்தான். கேமராவுக்கு அதுதான் கேட்டது. சின்னவனுக்கும் அதுதான் கேட்டது. ஆனால் பத்தொன்பது வருஷமாகப் பல்லில்லாதவர்கள் எதிரே உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது, எது உரசுகிறது என்று கேட்டுக் கேட்டே வாழ்கிறவள் அவள். அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

"உன் வீட்டுக்கு... என்னக் கூட்டிட்டுப் போயிடு, பாப்பா. அன்னிக்கும்... அதான் சொல்ல வந்தேன்."

அன்றைக்குமா? கை கால் நன்றாக இருந்த அன்றைக்கேவா? இந்த வீட்டில் அப்போது என்ன நடந்தது?

"அக்கா! அப்பா என்ன சொன்னார்? சொல்லுக்கா, எல்லாரும் காத்துட்டிருக்காங்க!" சின்னவன் பாதி அழுகையும் பாதி மிரட்டலுமாகக் கேட்டான்.

ஒரே வாக்கியம்தான். சொல்லிவிட்டால் இத்தனை பேர் சாட்சி, சின்னவனால் மூச்சுவிட முடியாது. 'நான் குறுக்க நிக்கல' என்று அவனே வேறு சொல்லியிருக்கிறான். அவள் வாயைத் திறந்தாள். ஐம்பத்து நாலு படிகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. கறுப்புத் திரை வந்தது. சக்கர நாற்காலி நுழையாத குளியலறைக் கதவு வந்தது. காலையிலிருந்து இந்த வீட்டில் ஒருத்தர் விடாமல் நடிக்கிறார்கள் என்று காறித் துப்பியவள் அவள்.

"தண்ணி கேக்கறார்" என்றாள்.

மருமகள் ஓடிப்போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்பா இடது கையால் வாங்கிக்கொண்டார். மகளின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கேட்காத தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. உதட்டைக் கடித்தாள், கையில் இருந்த பல்லை இறுக்கிப் பிடித்தாள், சுவர்ப் பக்கம் திரும்பினாள். நிற்கவில்லை. சின்னவன் ஓசைப்படாமல் மூன்றாவது போனைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்தான். 'அப்படியே, அப்படியே' என்று அவன் உதடு அசைந்தது.

இருபது நொடிக்கு மேலேயே போயிற்று.